நடுவர் சொல்

சம்பா அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேர்ந்தபின், காவிரியின் கடைமடை ஊர்களில் சடுகுடுப் போட்டிகள் தொடங்கிவிடும். வங்கக் கடலோரம் அமைந்த வேளாங்கண்ணியைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் அப்படியே. வயலை அடுத்த மேட்டில் மண்ணைக் கொத்திப் பதமாக்கி, சுண்ணாம்புத் தூளால் கோடிட்டு ஆடுகளம் அமைப்பர். சுற்றுவட்டத்து ஊர்கள் தத்தம் அணிகளை அனுப்பும். முதியோரும் சிறுவரும் கோட்டை நெருக்கிக்கொண்டு நிற்பர். வீரனின் பிடியைப் புகழ்வோர் பலர். அவன் பாய்ச்சலைப் புகழ்வோர் பலர். ஊதலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கோட்டோரம் ஓடித் திரியும் நடுவரைப் புகழ்வோர் ஒருவரும் இலர். அவர் பெயர் ஊரார் வாயில் அடிபடுமாயின், ஏதோ தகராறு நேர்ந்துவிட்டது என்றே பொருள்.

இத்தகைய நடுவர் பெரும்பாலும் பள்ளி உடற்பயிற்சி ஆசிரியராகவோ, முன்னர் ஆடி ஓய்ந்த வீரராகவோ இருப்பார். இதனைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். வழிச்செலவும், தோளில் ஒரு துண்டும், உச்சி வெயிலில் ஒரு குவளை மோரும் கிடைக்கும், அவ்வளவே. ஆயினும் அவர் சொல்லின்மேல் நிற்பது கோப்பை மட்டும் அன்று. ஒரு புள்ளியால் மூண்ட பூசலில் இரண்டு ஊர்கள் அடுத்த ஆண்டு ஒரே களத்தில் இறங்காமற் போவதும் உண்டு. பெண் கொடுத்துப் பெண் கொண்ட குடும்பங்கள் முகங்கொடுத்துப் பேசாமற் போவதும் உண்டு. ஆதலின் நடுவருக்கு வேண்டிய தகுதி யாது என்பது சிறிய கேள்வி அன்று.

நேர்மையே தகுதி என்பர் பலர். நேர்மையில்லாதவர் களத்துக்குள் கால் வைக்கவே கூடாது. அதில் இருவேறு கருத்துக்கு இடமில்லை. ஆனால் நேர்மை ஒன்றே போதும் என்பது பொருந்தாது. விதியறியாத நேர்மையாளர் ஊதும் ஊதலால் விளையும் கேடு, வஞ்சகர் ஊதும் ஊதலால் விளைவதற்குக் குறைந்ததன்று. நடுவர் முதலில் உணர வேண்டியது, தம் தீர்ப்புகள் இருவகைப்பட்டன என்பதே. நடந்தது யாது என்பது ஒன்று. நடந்ததற்கு விதி கூறும் பயன் யாது என்பது மற்றொன்று.

சடுகுடுவிலேயே இதனைக் காணலாம். பாடி வருபவனின் விரல்நுனி எதிரியின் தோளில் பட்டதா? பாட்டு இடையில் அறுந்ததா? இவை கண்ணாலும் காதாலும் அறிய வேண்டியவை. கடற்காற்று வீசும் களத்தில் பாட்டின் ஒலி காதில் விழுவதே அரிது. கூடுதல் புள்ளி தரும் கோட்டருகே இடர் இன்னும் பெரிது. எதிரணியினர் அறுவரேனும் களத்தில் நிற்கும்போது, பாடி வருபவன் ஒரு காலை அக்கோட்டுக்கு அப்பால் ஊன்றி, அதே நொடியில் மற்றைக் காலை மண்ணினின்று எடுத்திருக்க வேண்டும். எழுந்த புழுதியில் பின்காலின் பெருவிரல் மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்ததா என்று எவர் காண்பார்? அருகில் நிற்கும் நடுவரே காண்பார். சிலபோது காணத் தவறுவார். இரண்டாம் வகை இத்தகையது அன்று. பட்டது உறுதி, கோடு தாண்டியதும் உறுதி எனக் கொண்டபின், வெளியேற வேண்டியவர் எவர், புள்ளி எத்தனை என்று கேட்டால், அது கண்ணின் வேலை அன்று, விதிநூலின் வேலை.

இவ்வேறுபாட்டைத் தெளிவாக எழுதிவைத்திருப்பது, அமெரிக்க நாட்டில் பெரிதும் ஆடப்படும் பேஸ்பால் ஆட்டத்தின் விதிநூலாகும். மட்டையாளன் பந்தை அடித்துவிட்டு முதல் தளத்தை நோக்கி ஓடுவான். பந்து அத்தளத்தைக் காக்கும் வீரனின் கைக்கு முன்னே வந்ததா, ஓடியவனின் கால் தளத்தில் முன்னே பட்டதா என்பதை நடுவர் நொடியில் கூற வேண்டும். இது கண்டு கூறும் தீர்ப்பு. இதனை ஆட்டக்காரரோ பயிற்சியாளரோ மறுத்து வாதிடுதல் கூடாது என்பது விதி. ஆனால் அளித்த தீர்ப்பு விதிக்கே முரணாயிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், அணியின் மேலாளர் முறையீடு செய்யலாம். அம்முறையீட்டையும் தீர்ப்பளித்த நடுவரிடமே செய்ய வேண்டும். விதிநூல் வாய் திறவாத இடத்தில் முடிவு கூறும் உரிமையும் நடுவர்க்கே உண்டு. சடுகுடு நடுவர் ஒருவர் இம்மூன்றையும் தம் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொண்டால் தவறில்லை.

கண்டு கூறும் தீர்ப்பு பிழைபடாதா என்று கேட்கலாம். பிழைபடும். 2010-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள், டெட்ராய்ட் நகரில் ஆர்மாண்டோ கலராகா என்னும் பந்துவீச்சாளர், எதிரணியினர் ஒருவரையும் எந்தத் தளத்தையும் அடையவிடாமல் இருபத்தாறு பேரை ஆட்டமிழக்கச் செய்திருந்தார். இருபத்தேழாமவரும் வீழ்ந்தால் அது குறையற்ற ஆட்டம். அமெரிக்கப் பெருங்கழகப் போட்டிகளின் நெடிய வரலாற்றில் அதுவரை இருபது முறையே நிகழ்ந்த அருஞ்செயல். இருபத்தேழாமவர் ஓடினார். பந்து முன்னே வந்துவிட்டது. முதல் தளத்தருகே நின்ற நடுவர் ஜிம் ஜாய்சோ, ஓடியவர் தப்பினார் என்று கையை விரித்தார். ஆட்டம் முடிந்தபின் ஒளிப்படத்தைக் கண்ட அவர், தாம் பிழை செய்துவிட்டதாகச் செய்தியாளரிடம் வெளிப்படையாகக் கூறினார். கலராகாவிடம் கண்ணீரோடு வருத்தம் தெரிவித்தார். மறுநாள் ஆட்டத்தில் அணியின் பெயர்ப்பட்டியலை நடுவரிடம் கொடுக்க வந்தவர் அந்தக் கலராகாவே. ஆயினும் கழகத் தலைவர் அத்தீர்ப்பை மாற்றவில்லை. இத்தகைய தீர்ப்புகளை ஒளிப்படம் பார்த்துத் திருத்தும் முறை அங்கு 2014-ஆம் ஆண்டில்தான் வந்தது. கண் பிழைத்த நடுவரை மன்னிக்க மக்களுக்கு முடிந்தது. விதியைத் தவறாகச் சொல்லியிருந்தால் அவ்வளவு எளிதில் மன்னித்திருப்பார்களா என்பது ஐயமே.

விதியைப் பற்றிய பூசலுக்குத் தொலைவில் சான்று தேட வேண்டா. அது கபடியிலேயே உண்டு. 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள், சீன நாட்டின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டுப் போட்டியின் ஆடவர் இறுதி ஆட்டம் நடந்தது. இந்தியாவும் ஈரானும் தலைக்கு 28 புள்ளிகளோடு நின்றன. ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருந்தது. இந்திய அணித்தலைவர் பவன் செராவத் பாடிச் சென்றார். கபடிக் களத்தின் இருபுறமும் பக்கப்பட்டை ஒன்று உண்டு. பாடி வருபவனுக்கும் எதிரிக்கும் தொடுகை நேர்ந்தபின்னரே அது களத்தின் பகுதியாகும். செராவத் எவரையும் தொடாமலே அப்பட்டைக்குள் கால் வைத்தார். ஈரானியர் சிலர் அவரைத் தொடர்ந்து பட்டைக்குள் புகுந்தனர். தொடர்ந்து புகுந்தவரும் ஆட்டமிழந்தவரே என்று பன்னாட்டு விதியைக் காட்டியது இந்திய அணி. பாடிச் சென்றவர் மட்டுமே ஆட்டமிழந்தார் என்றது ஈரான் அணி. இந்தியாவில் நடைபெறும் புரோ கபடிப் போட்டிகளின் புதிய விதி இதற்கு ஒத்ததாயிருந்தது. நடுவர் முடிவு ஒருமுறைக்கு மேல் மாறியது. வீரர்கள் களத்திலேயே அமர்ந்தனர். ஆட்டம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நின்றது. இறுதியில் இந்தியா 33-29 என்ற கணக்கில் வென்றது. வென்ற அணிக்கும் அந்த ஒரு மணி நேரம் பெருமை சேர்த்தது என்று சொல்வதற்கில்லை.

ஒளிப்படக் கருவிகளும், பல நாட்டு நடுவர்களும், அச்சிட்ட விதிநூலும் இருந்த களத்தில் இந்நிலை என்றால், கடைமடை ஊரின் மண் களத்தில் கேட்க வேண்டுமா? ஓர் அணி தொலைக்காட்சியில் பார்த்த விதியைச் சொல்லும். மற்றோர் அணி தாத்தா காலத்து வழக்கைச் சொல்லும். இரண்டும் நேர்மையான வாதங்களே. ஆதலின் ஆட்டம் தொடங்குமுன் இரு தலைவர்களையும் அருகழைத்து, எந்த விதியின்படி ஆடப்படுகிறது என்பதை எல்லார் காதிலும் விழச் சொல்லிவிடுதல் நடுவரின் முதற் கடமை. ஐந்து நிமிட வேலை அது. அதைச் செய்யாத நடுவர், பின்னர் எவ்வளவு உரக்க ஊதினாலும் பயனில்லை.

கைப்பேசிப் படத்தைக் கொண்டுவந்து நீட்டும் வழக்கமும் இப்போது பரவிவருகிறது. முன்னரே இரு அணிகளும் ஒப்புக்கொண்டிருந்தால் அதைப் பார்க்கலாம். அவ்வாறின்றேல் பார்த்தல் கூடாது. எந்த அணியின் உறவினர் கையில் நல்ல கைப்பேசி உள்ளதோ அந்த அணியின் பிடி மட்டுமே படமாகும். எதிரணியின் பிடி எங்கே பதிவாகியிருக்கும்?

இதனினும் பெரிய தீங்கு ஒன்று உண்டு. முற்பகுதியில் ஓர் அணிக்குத் தவறிழைத்துவிட்டதாக எண்ணும் நடுவர், பிற்பகுதியில் ஐயமான புள்ளி ஒன்றை அவ்வணிக்கு அளித்து ஈடுசெய்ய முயல்வார். ஊரார் சிலர் இதனைப் பெருந்தன்மை என்பர். ஆனால் ஒரு பிழை இரு பிழையாவதன்றி இதில் பெருந்தன்மை ஏதும் இல்லை. முன்பு இழந்தவனுக்கு இது ஈடாகாது. இப்போது இழப்பவனோ குற்றமற்றவன்.

உறவினர் ஆடும் களத்தில் நிற்பது இன்னொரு சோதனை. கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனைத் தேர்க்காலில் இட்ட மனுநீதிச் சோழனின் கதை வழங்கும் திருவாரூர், வேளாங்கண்ணிக்கு அண்மையிலேயே உள்ளது. அங்கே கல்தேரும் நிற்கிறது. சடுகுடு நடுவரிடம் எவரும் அவ்வளவு கேட்பதில்லை. அண்ணன் மகன் கோடு தாண்டினான் என்று கையை உயர்த்தினால் போதும். அதற்கே சிலர் கை எழுவதில்லை என்பதுதான் வியப்பு! இயன்றவரை தம் ஊர் ஆடும் ஆட்டத்துக்கு வேற்றூர் நடுவரை அழைத்தலே நன்று.

நடுவரிடம் இவ்வளவு வேண்டுவோர், நடுவருக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. அணித்தலைவன் பணிவோடு அணுகி, "ஐயா, எந்த விதியின்படி?" என்று கேட்டால், விதியைச் சொல்லி விடையளிக்க நடுவர் கடமைப்பட்டவர். ஆனால் தலைவன் ஒருவனே கேட்க வேண்டும். அணி முழுதும் சூழ்ந்துகொள்ளுதல் கூடாது. கோட்டுக்கு வெளியே நிற்போர் வாய் திறவாமை அதனினும் நன்று. போட்டி நடத்துவோர் கோப்பைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் தொகையில் சிறு பகுதியை ஒதுக்கி, விதிநூற் படிகள் சில வாங்கி அணிகளுக்கு வழங்கலாம். ஊருக்கு ஓர் இளைஞனைக் கபடிச் சங்கங்கள் நடத்தும் நடுவர் தேர்வுக்கு அனுப்பலாம். தேறி வந்தவன் முதலில் சிறுவர் ஆட்டங்களில் ஊதட்டும். சிறுவர்கள் ஒவ்வோர் ஊதலுக்கும் "ஏன்?" என்று கேட்பார்கள், அவர்களுக்கு விதி சொல்லிப் பழகட்டும். அடுத்த தைத் திங்களில் பெரியோர் களத்தில், மூத்த நடுவருக்குத் துணையாகக் கோட்டோரம் நிற்கட்டும்.