வயலன்று, வைப்பு!

வடகடலில் 1971-இல் கண்டறியப்பட்ட ‘பிரெண்ட்’ பாறைநெய்க் கிடங்கை ஆங்கிலர் ‘வயல்’ என்றே வழங்குகின்றனர். நம் செய்தித்தாள்களும் அதனை அப்படியே பெயர்த்து ‘எண்ணெய் வயல்’ என்றெழுதுகின்றன. உழுது வித்தி அறுத்தபின் மறு ஆண்டும் விளைவதன்றோ வயல்? கடலடிப் பாறையிற் பல கோடி ஆண்டு அடைபட்டுக் கிடந்து, ஒருமுறை இறைத்தால் மீண்டும் ஊறாதது எங்ஙனம் வயலாகும்? அது வைப்பு, முன்னோர் புதைத்த பொற்குடம் போன்றது. சொற்பிழைதானே என்று நகைப்பார் நகைக்க. வைப்பை விளைச்சலென மயங்கியே ஓர் அரசு தன் மக்களின் முதலைத் தின்று தீர்த்தது.

பொறிஞர் திறத்தை யாம் குறைத்துரைக்கவில்லை. செட்டுலாந்துத் தீவுகளுக்கு வடகிழக்கே ஏறத்தாழ 115 கல் தொலைவில், 460 அடி ஆழக் கொடுங்கடலில் நான்கு மேடைகளை நிறுத்தினர். மூன்று கற்காரைக் கால்களின் மேலும், ஒன்று எஃகுச் சட்டத்தின் மேலும் நின்றன. 1976-இல் நெய் வரத் தொடங்கியது. 1982-இல் நாளொன்றுக்கு ஐந்து இலக்கம் மிடாவுக்கு மேல் (கடைத்தெரு வழக்கிற் பீப்பாய்) எடுத்தனர். பாறையின் அழுத்தம் குன்றாதிருக்க நீரை உட்செலுத்தி நெய்யை உந்தினர். நெய் அருகியதும், 1990-களில் அம்முறையைத் தலைகீழாக்கி, அழுத்தத்தை வேண்டுமென்றே தளர்த்தி, எஞ்சிய நெய்யிற் கரைந்திருந்த எரிவளியைப் பிரித்தெடுத்தனர். கன்று குடித்தபின்னும் மடியைக் கசக்கும் வேலை அது. 2021-இல் கடைசி மேடையும் நின்றது. 1976-இற் பிறந்த குழவிக்கு அப்போது அகவை நாற்பத்தைந்து!

இவ்வைப்பு யாருக்குரியது? பிரித்தானியப் பாறைநெய்யின் பெரும்பகுதி இசுக்காட்டுலாந்தை ஒட்டிய கடலிலேயே கிடந்தது. அவ்வரசின் பொருளியலறிஞர் கேவின் மக்குரோன் 1974-இல் அமைச்சர்களுக்கு ஓர் அறிக்கை எழுதினார். இசுக்காட்டுலாந்து தனியரசாயின் அதன் வரவு, கூச்சப்படத்தக்க அளவு செலவை விஞ்சும் என்றார் அவர். அதே ஆண்டு விடுதலை கேட்ட கட்சி நாடாளுமன்றத்திற் பதினோரிடம் வென்றது. 1979-இல் தன்னாட்சிக்கு வாக்கெடுப்பும் நடந்தது. அவ்வறிக்கையோ கமுக்கமாகவே கிடந்து 2005-இற்றான் வெளிப்பட்டது. முப்பத்தோராண்டு! தன் வீட்டிற் புதையலுண்டென்று அறியாதவனிடம், தனிக்குடித்தனம் உனக்குக் கட்டுமா என்று கேட்பது எவ்வகை அறம்?

‘ஒரே அரசு, ஒரே கடல், வருவாயும் பொதுவே’ என்பர் இலண்டன் சார்பினர். ஆகுக. அப் பொதுப்பொருள் எங்கே? அதே கடலின் மறுகரையிலுள்ள நார்வே 1990-இற் சட்டமியற்றி, 1996-இல் முதற்றொகை இட்டுத் தொடங்கிய வைப்பகம், 2017-இல் ஓர் இலக்கங் கோடி தாலரை எட்டியது. அங்கும் நெய் தீரும், பணம் தீராது. இலண்டனோ வந்ததை ஆண்டுச் செலவிற் கரைத்தது. ஓசுலோவரை செல்லவும் வேண்டா. இலண்டனின் ஆட்சிக்கு உட்பட்ட செட்டுலாந்துத் தீவு மன்றமே 1974-இற் றனிச்சட்டம் பெற்று, கரைக்கு வந்த நெய்க்குப் பங்கு கேட்டு வாங்கி, 1976-இல் அறக்கட்டளை நிறுவிச் சேமித்தது. சிற்றூர் மன்றத்திற்கு இருந்த அறிவு பேரரசிற்கு இல்லை.

இனிப் பிணத்தின் கணக்கு. 2017-இல் ‘தெல்தா’ மேடையின் 24,000 தொன் மேற்றளத்தை ஒரே தூக்கிற் கப்பலேற்றினர். மற்றவையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றன. கற்காரைக் கால்களையும், அடியில் கசடு தேங்கியவை உள்ளிட்ட 64 அறைகளையும் அங்கேயே விட்டுவிட ‘செல்’ குழுமம் இசைவு கேட்டது; 2019-இற் செருமனி மறுத்துரைத்தது. இதே குழுமம் 1995-இல், இதே பிரெண்டின் மிதவைக் கலத்தை ஆழ்கடலில் அமிழ்த்த முனைந்து, ஐரோப்பிய மக்களின் எதிர்ப்பிற்கு அஞ்சிப் பின்வாங்கியது. அகற்றும் செலவிலும் ஒரு பகுதி, முன்பு கட்டிய வரியினின்று குழுமங்களுக்குத் திரும்புகின்றது. எடுத்தபோது ஊதியம் அவர்க்கு. துடைக்கும்போது செலவில் மக்களுக்கும் பங்கு!

பிரெண்ட் என்பது ஒரு கடல்வாத்தின் பெயர். உலகச் சந்தையில் அப்பெயரால் இன்றும் நாள்தோறும் விலை கூறுகின்றனர். விற்பதோ வேறு கிணறுகளின் நெய். கடைசி மேற்றளம் 2024-இற் கப்பலேறிவிட்டது. கால்கள் கடலில் நிற்கின்றன.