தாத்தா வீட்டைக் காணோம்!



போன மாதம் என் பேரன் கம்ப்யூட்டரில் ஒரு படம் காட்டினான். ''தாத்தா... நம்ம வீடு எங்கே இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்,'' என்றான்.

சென்னை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கத்தை, 1980களின் கடைசியில் லேண்ட்சாட் செயற்கைக்கோள் எடுத்த படம். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துத் தேடினேன். வீட்டைக் காணோம். அவன் விரல் வைத்த இடம் கறுப்பாக இருந்தது. இந்த வகைப் படத்தில் கறுப்பு என்றால் தண்ணீர்!

1992ல் அங்கே அரை கிரவுண்டு மனை வாங்கினேன். 'மேட்டு நிலம் சார்' என்றார் விற்றவர். வாத்தியார் நம்பிவிட்டார். 2015 டிசம்பர் மழையில், இடுப்பளவு தண்ணீர் வீட்டுக்குள் வந்தது.

படத்தில் செடி கொடிகள் பச்சையாக இல்லை, சிவப்பாக இருந்தன. ஏன் தெரியுமா? இலைகள், நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களை நிறையத் திருப்பி அனுப்பும். செயற்கைக்கோள் அதைப் பிடித்துவிடும். அந்தக் கதிருக்குச் சிவப்பு வண்ணம் கொடுத்துப் படமாக்குகின்றனர். வீடு, ரோடெல்லாம் சாம்பல் கலந்த நீலமாகத் தெரியும்.

படம் முழுக்கக் குட்டிக் குட்டிக் கட்டங்கள். ஒரு கட்டம், தரையில் 30க்கு 30 மீட்டர். நம்ம ஊர்க் கணக்கில் 4 கிரவுண்டு! பழைய படத்தில் எத்தனை கட்டம் நீலம், புதிய படத்தில் எத்தனை என்று எண்ணினால், ஊர் எத்தனை மடங்கு பெருத்தது என்று தெரிந்துவிடும். காய்ந்த வயலும் கான்கிரீட்டும் சில சமயம் ஒன்று போலத் தெரிந்து ஏமாற்றும். அதனால், யாராவது நேரில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும்.

கட்டத்தை எண்ணினால் மட்டும் போதாது. தலையையும் எண்ண வேண்டும். ஜனங்கள் இரண்டு மடங்கு, நிலம் நான்கு மடங்கு என்றால், ஊர் கொட்டிய பாயசம் போலப் பரவுகிறது என்று அர்த்தம். 1990ல் அமெரிக்காவின் அட்லாண்டாவில் சுமார் 25 லட்சம் பேர். ஊர் பரவியிருந்த இடம் 4,280 சதுர கி.மீ., ஸ்பெயினின் பார்சிலோனாவில் சுமார் 28 லட்சம் பேர். இடமோ வெறும் 162 சதுர கி.மீ.தான்! அங்கே கடைக்கு நடந்தே போகலாம். அட்லாண்டாவில் கார் இல்லாமல் கஷ்டம். அதற்காக, ஒரு மரம்கூட இல்லாமல் நெருக்கிக் கட்டுவதும் எனக்குப் பிடிக்காது.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் மிஞ்சியிருப்பது, 2022ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்கு முன் போனதில், என் அரை கிரவுண்டும் உண்டு. ஒரு கட்டத்தில் எட்டில் ஒரு பங்கு!

'கூகுள் எர்த்' டைம்லாப்ஸில், 1984 முதல் வருடவாரியாகப் படங்கள் இருக்கின்றன. இயல்பான நிறத்திலேயே பார்க்கலாம். அப்பா, அம்மாவை உடன் வைத்துக் கொண்டு, உங்கள் ஊர் ஏரியைத் தேடுங்கள். அது அன்று எப்படி, இன்று எப்படி என்று ஒரு தபால் அட்டையில் எழுதிப் போடுங்கள். உங்கள் வீடு எந்த இடத்தில் இருக்கிறது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
வாத்தியார் தாத்தா.