அந்த நீல லேசர் பேனா வித்தைக்கு இனிமே மயங்காதீங்க

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ குடிச்சுக்கிட்டே படிங்க. நடுநடுவுல எதிர்ல இருக்கிற சுவரையும் பாருங்க, ஏன்னு பின்னாடி சொல்றேன்.

போன வாரம் ஓபில ஒரு அண்ணன். வயசு 43. மேலூர் பக்கம் இ-சேவை மையம் வச்சிருக்கார். காலையில உட்கார்ந்தா சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா மாறுதல்னு ராத்திரி 8 மணி வரைக்கும் கம்ப்யூட்டர்தான். சாயங்காலம் ஆனா நெத்தி ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்குது, கண் எரியுது, எழுத்து கலங்குது. மூக்குல பளபளன்னு ஒரு கண்ணாடி. "இது ப்ளூ கட் டாக்டர். கம்ப்யூட்டருக்குன்னு கொடுத்தாங்க. 2,200 ரூபா. ஆறு மாசம் ஆச்சு, வலி அப்படியேதான் இருக்கு. இதை விட ஒசத்தி கிளாஸ் போடணுமா?"

கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன். பவரே கிடையாது, வெறும் பிளெயின். ஓபி சீட்டைக் கையில கொடுத்து, "இதைப் படிங்கண்ணே"ன்னேன். கையை நீட்டி, தலையைப் பின்னால சாய்ச்சு, கண்ணைச் சுருக்கிப் படிச்சார். எங்க கண் மருத்துவ உதவியாளர் சோதிச்சுப் பார்த்துட்டுச் சொன்னாங்க: வெள்ளெழுத்து. நம்ம அப்பத்தா சாளேசரம்னு சொல்லுமே, அதேதான். 40 வயசுக்கு மேல எல்லாருக்கும் வர்றது. 2,200 ரூபாய்க்குக் கண்ணாடி வித்த கடையில, ஒரு சின்ன எழுத்தைக் காட்டிப் படிக்கச் சொல்ல ஒரு ஆளுக்கும் தோணலை.

இவர் ஒருத்தர் கதைன்னா எழுதியிருக்க மாட்டேன். மாசத்துக்கு நாலு பேராவது இப்படி வர்றாங்க. நான் கண் டாக்டர் இல்லை, எம்பிபிஎஸ்தான். ஆனா முதல்ல வந்து நிக்கிறது எங்ககிட்டதானே.

கடையில என்ன நடக்குதுன்னு பாருங்க. ஒரு அட்டை, பேனா மாதிரி ஒரு நீல லேசர். சாதாரண கண்ணாடி வழியா அடிச்சா அட்டையில பொட்டு விழும். ப்ளூ கட் வழியா அடிச்சா விழாது. "பாத்தீங்களா சார், உங்க கண்ணுக்குள்ள போக வேண்டியது எல்லாம் வெளியவே நின்னுருச்சு." நாமளும் வாயைப் பிளந்துக்கிட்டு பர்ஸைத் திறந்துடுவோம்.

அந்தப் பேனா பெரும்பாலும் விடுறது 405 நானோமீட்டர் அலைநீளத்துல. அது ஊதா. உங்க போன், கம்ப்யூட்டர் திரையில வர்ற நீலத்தோட உச்சம் சுமார் 450. திரையில 405 கிட்டத்தட்ட வர்றதே இல்லை. பேனா வெளிச்சத்தை முழுசா நிறுத்துற அதே கண்ணாடி, 450-ல பெரும்பகுதியை உள்ளே விட்டுடும். அதையும் நிறுத்தணும்னா கண்ணாடி நல்ல மஞ்சளா இருக்கணும். யாரும் வாங்க மாட்டாங்க. ஆக, நம்ம தெருவுக்கே வராத திருடனைப் பிடிச்சுக் காட்டிட்டு காவல் காசு வாங்குறாங்க.

சரி, அந்த 450 தான் தலைவலிக்குக் காரணமா? அதுவும் இல்லை. மருத்துவ ஆய்வுகளை எல்லாம் சல்லடை போட்டுச் சலிச்சுப் பார்க்கிற காக்ரேன் அமைப்பு 2023-ல இதை எடுத்துப் பார்த்துச்சு. ஆறு நாடுகள்ல நடந்த 17 ஆய்வுகள். சாதாரண கண்ணாடியோட ஒப்பிட்டா, கம்ப்யூட்டர் வேலையில வர்ற கண் சோர்வுக்கு ப்ளூ கட்டால குறுகிய காலத்துல பலன் இருக்கிற மாதிரி தெரியலைன்னுதான் முடிவு. திரையில இருந்து வர்ற நீல ஒளி, பகல் வெளிச்சத்துல வர்றதுல ஏறக்குறைய ஆயிரத்துல ஒரு பங்குன்னும் அந்தக் குழு சொல்லியிருக்கு. மாட்டுத்தாவணியில மத்தியானம் பஸ்ஸுக்கு நிக்கிறவர் கண்ணு கருகலை. போன் பார்த்தா மட்டும் எப்படிக் கருகும்?

அமெரிக்க கண் மருத்துவர்கள் சங்கம், கம்ப்யூட்டர் பார்க்க எந்த விசேஷக் கண்ணாடியும் வேண்டியதில்லைன்னு வெளிப்படையாவே சொல்லுது. இங்கிலாந்துல 2017-ல ஒரு பெரிய கண்ணாடிக் கடை நிறுவனத்துக்கு, நீல ஒளி பத்தி மக்களைத் தப்பா நம்ப வைக்கிற மாதிரி விளம்பரம் பண்ணதுக்கு 40,000 பவுண்டு அபராதம். இங்கே அதே வார்த்தைகள் கலர் போர்டுல தொங்குது.

எனக்குக் கோபம் வர்றது ஊரை நினைச்சுதான். இது மதுரை. அரசு மருத்துவமனையில கண் டாக்டரா இருந்து ஓய்வு பெற்ற டாக்டர் வெங்கடசாமி 1976-ல 11 படுக்கையோட அரவிந்த் ஆரம்பிச்ச ஊர். ஏழைக்குக் கண்புரை ஆபரேஷனை எப்படிக் குறைஞ்ச செலவுல கொண்டு போகலாம்னு உலகத்துக்கே பாடம் எடுத்த ஊர். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகலைன்னு 1992-ல அரோலேப் தொடங்கி இங்கேயே லென்ஸ் செஞ்ச ஊர். அந்த ஊர்ல, பவர் இல்லாத பிளெயின் கண்ணாடியைப் பயத்தைக் காட்டி ஆயிரக்கணக்குல விக்கிறாங்க.

"அப்ப என் வலி பொய்யா டாக்டர்?" இல்லவே இல்லை. வலி நிஜம். பழி போட்ட ஆள்தான் தப்பு.

முதல் காரணம் இமை. சாதாரணமா நிமிஷத்துக்கு 15 தடவை இமைப்போம். திரையை உத்துப் பார்க்கும்போது அது 5, 7-ன்னு இறங்கிடும். அதுவும் பாதி இமைப்பு. இமை முழுசா மூடாது. கண்ணு மேல இருக்கிற கண்ணீர்ப் படலம் காய்ஞ்சு போகும். நம்ம ஊர் சித்திரை வெயில், மூஞ்சிக்கு நேரா ஓடுற ஃபேன், ஆபீஸ்னா ஏசி. எரியாம என்ன செய்யும்? ரெண்டாவது, கிட்டத்துல பார்க்க கண்ணுக்குள்ள ஒரு சின்னத் தசை இறுகிப் பிடிக்கணும். பத்து மணி நேரம் அந்தத் தசை இறுகியே நிக்குது. வெள்ளெழுத்து வந்தவருக்கும், தூரப்பார்வைக் குறைபாடோ சின்ன அஸ்டிக்மாடிசமோ இருந்து கண்ணாடி போடாதவருக்கும் அந்தச் சுமை இன்னும் கூடுது. அதுதான் நெத்தியில வந்து உட்காருது.

சரியான பவர் என்ன செய்யும்னு தெரியணுமா? அசாம்ல தேயிலை பறிக்கிற 40 வயசு தாண்டினவங்களுக்கு சாதாரண கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல வந்தது. கண்ணாடி கிடைக்காதவங்களோட ஒப்பிட்டா இவங்க பறிச்ச இலை 21.7 சதவீதம் கூடுதல். கோட்டிங் கிடையாது, லேசர் பேனா வித்தை கிடையாது. பவர் மட்டும்தான்.

இப்ப என் தப்பு ஒண்ணைச் சொல்றேன். 22 வயசுப் பொண்ணு. ஒரு கம்பெனியில நைட் ஷிஃப்ட்ல போன் எடுக்குற வேலை. புது போன் வாங்கினதுல இருந்து தலைவலி, குமட்டல். பழைய போன்ல இல்லைன்னு சொல்லுச்சு. கூட வந்த அம்மா, "போனை நோண்டுறதுக்கு ஒரு சாக்கு டாக்டர்"னாங்க. நானும் உள்ளுக்குள்ள சிரிச்சுட்டு பாரசிட்டமால் எழுதினேன். ஒரு தடவை இல்லை, மூணு தடவை. நாலாவது தடவைதான் என்ன போன்னு கேட்டேன். பழையது எல்சிடி, புதுசு அமோலெட். லைட்டை அணைச்சுட்டு, போன் வெளிச்சத்தை அடிமட்டத்துக்கு இறக்கி வச்சுப் பார்க்குமாம்.

இதுல விஷயம் இருக்கு. நிறைய அமோலெட் திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கிற விதம், விளக்குத் திரியை இறக்குற மாதிரி இல்லை. சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கிற மாதிரி. நொடிக்கு 240 தடவை எரிஞ்சு அணையும். எவ்வளவு மங்கலா வைக்கிறீங்களோ, அணைஞ்சிருக்கிற நேரம் அவ்வளவு கூடும். சில எல்சிடியும் பின்விளக்கை இப்படித்தான் குறைக்கும், எல்லாம் இல்லை. 240-ஐ நாம துடிப்பா உணர மாட்டோம். உணரலைங்கிறதால உடம்பு வாங்கலைன்னு அர்த்தம் இல்லை.

இதுக்குப் பழைய சாட்சி டியூப்லைட். சோக் வச்ச பழைய டியூப்லைட் நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல நொடிக்கு 100 தடவை துடிக்கும். 1989-ல இங்கிலாந்துல ஒரு அலுவலகத்துல, அதுக்குப் பதிலா ரொம்ப வேகமா துடிக்கிற எலக்ட்ரானிக் சோக் போட்டுப் பார்த்தாங்க. எப்போ எந்த லைட்டுன்னு வேலை பார்க்கிறவங்களுக்குச் சொல்லலை. தலைவலியும் கண் சோர்வும் சராசரியா பாதிக்கு மேல குறைஞ்சது. போன் திரைக்கு இந்த அளவு உறுதியான ஆய்வு குறைவுதான். ஆனா மைக்ரேன் இருக்கிறவங்களுக்குத் துடிக்கிற வெளிச்சம் ஆகாதுங்கிறது எங்களுக்குத் தெரிஞ்ச விஷயம். அந்தப் பொண்ணுக்கும் மைக்ரேன் இருந்தது. நான் கேட்கலை, அவ்வளவுதான்.

2000-கள்ல பிரவுசிங் சென்டர்ல உட்கார்ந்தவங்களுக்கு ஞாபகம் இருக்கும், அந்தப் பெரிய டப்பா மானிட்டர் ஓரக்கண்ணுல நடுங்கும். அது கண்ணுக்குத் தெரிஞ்ச நடுக்கம், இது தெரியாத நடுக்கம். இன்னொரு போன் கேமராவுல ஸ்லோ மோஷன் வச்சு, மங்கலாக்கின திரையைப் படம் பிடிங்க. கறுப்புப் பட்டை ஓடும் போன் எதுன்னு நீங்களே பார்க்கலாம். அப்படி ஓடி, உங்களுக்குத் தலைவலியும் இருந்தா, இருட்டுல மங்கலா வச்சுப் பார்க்காதீங்க. ரூம் லைட்டைப் போட்டுட்டு திரை வெளிச்சத்தை நடுத்தரத்துக்கு ஏத்துங்க. சில போன்கள்ல துடிப்பைக் குறைக்கிற செட்டிங் இருக்கு, தேடிப் பாருங்க. "எல்சிடி நல்லதா அமோலெட் நல்லதா"ன்னு இன்பாக்ஸ்ல கேட்கிற தம்பிகளுக்கு: தலைவலி இல்லாதவங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இருக்கிறவங்க கடையில பத்து நிமிஷம் மங்கலா வச்சுப் பார்த்துட்டு வாங்குங்க.

இந்த நீல ஒளிக் கதையால யாருக்கு லாபம்? கடைக்காரருக்கு மட்டும் இல்லை. அந்தப் பொண்ணு வேலை பார்க்கிற இடத்துல, சீட்டை விட்டு எழுந்தா நேரம் குறிக்கிறாங்க. பாத்ரூம் போக அனுமதி கேட்கணும். ஆனா வேலையில சேரும்போது ஒரு ப்ளூ கட் கண்ணாடி இலவசமா கொடுத்திருக்காங்க! ஐரோப்பாவுல 1990-லயே உத்தரவு போட்டாங்க: திரை முன்னாடி வேலை பார்க்கிறவருக்கு இடையிடையே இடைவேளை அல்லது வேலை மாத்தம், கண் பரிசோதனை, தேவைப்பட்டா கண்ணாடி, அதுக்குத் தொழிலாளி தலையில செலவு கட்டக் கூடாது. இங்கே இதைக் கேட்டா சிரிப்பாங்க. கண்ணுக்கு வேண்டியது அந்த இடைவேளைதான். 20 நிமிஷத்துக்கு ஒரு தடவை, 20 அடி தூரத்துல, 20 நொடி பாருங்கன்னு சொல்றோம். 20 அடின்னா யானைமலை வரைக்கும் பார்க்க வேணாம், எதிர்வீட்டு வாசல் போதும். அந்த 20 நொடியைக் கொடுக்கிறதை விட ஒரு கண்ணாடி வாங்கிக் கொடுக்கிறது முதலாளிக்கு மலிவு.

கண் சிவந்திருந்தா மெடிக்கல் ஷாப்ல கேட்டு சொட்டு மருந்து வாங்கிப் போடாதீங்க. இதைக் கெஞ்சியே கேட்கிறேன். ஸ்டீராய்டு கலந்த சொட்டு ரெண்டே நாள்ல சிவப்பைக் குறைக்கும், சுகமா இருக்கும், அதனாலயே மாசக்கணக்குல போடுவீங்க. கண் அழுத்தம் ஏறி நரம்பு போறது வலியில்லாம நடக்கும், போன பார்வை திரும்பாது. வறட்சிக்குப் போடுறது வெறும் கண்ணீர் மாதிரியான சொட்டு, அது வேற.

இன்னொரு பக்கமும் இருக்கு. எல்லாத் தலைவலியையும் போன் தலையில கட்டாதீங்க. "செல்லை நோண்டினா அப்படித்தான்"னு வீட்டுல ரெண்டு மாசம் திட்டு வாங்கின ஒரு அக்காவுக்கு எங்க ஓபில பிபி 190/110. காலையில எழும்போதே வலி, வாந்தி, ஒரு பக்கம் மரத்துப் போறது, பார்வை இரட்டையா தெரியறது, பல்பைச் சுத்தி வானவில் வளையம் தெரிஞ்சு கண் சிவந்து வலிக்கிறது, திடீர்னு இடி விழுந்த மாதிரி வலி — இதுல எது வந்தாலும் போனை ஓரமா வச்சுட்டு அன்னிக்கே ஆஸ்பத்திரிக்கு வாங்க.

மேலூர் அண்ணன் நேத்து வந்தார். பவர் போட்ட சாதாரண கண்ணாடி. மானிட்டரைக் கொஞ்சம் கீழே இறக்கி, ஃபேனைத் திருப்பி வச்சிருக்கார். வலி முக்கால்வாசி இல்லையாம். பழைய 2,200 ரூபா கண்ணாடியை என்ன பண்றதுன்னு கேட்டார். பிரேம் நல்லா இருக்கு, பவர் கிளாஸை அதுலயே மாட்டச் சொல்லியிருக்கலாமேண்ணேன்னேன். "அதையும் அந்தக் கடைக்காரன் சொல்லலையே டாக்டர்"னார்.