நாட்குறிப்புச் செயலியும் நமது கடமையும்

நாள்தோறும் கண்டனவும் கேட்டனவும் செய்தனவும் குறித்துவைக்கும் பழக்கம் மாணாக்கர்க்கு நலம் பயப்பதென்று ஆசிரியர் பலரும் கூறக் கேட்டிருக்கிறோம். அப்பழக்கம் இக்காலத்தே ஏட்டைவிட்டுக் கைப்பேசிக்குக் குடிபெயர்ந்துவிட்டது. ஆகவே, தமிழ் பயில்வோரும் கணினி பயில்வோருமாக யாம் ஐவர் கூடி, விடுதி மாணவர்க்கென ஓர் இணையச் செயலியைச் சென்ற ஆண்டு அமைத்தோம். நாட்குறிப்பு எழுதுதல், பாடவேலைகளை நாள்வாரியாக நிரல்படுத்தல், எழுதியதைத் தேடியெடுத்தல் ஆகிய மூன்றுமே அதன் தொழில். அம்முயற்சியில் யாம் பட்டறிந்தது ஒன்றுண்டு. செயலி அழிந்த பின்னரும் அதில் எழுதியதை எடுத்துப் படிக்கக்கூடுமாயின், அதுவே நாட்குறிப்புச் செயலிக்கு முதற்றகுதி. ஏனைய அழகுகளெல்லாம் அதற்குப் பின்னரே எண்ணத்தக்கன. இதனை எங்ஙனம் உணர்ந்தோம் என்பதை மறையாது கூறுவோம்.

எம் நண்பருள் ஒருவர் பாம்பனைச் சேர்ந்தவர். அவர் தந்தையார் விசைப்படகிற் கடலுக்குச் செல்பவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளும் மீன்பிடித் தடைக்காலமாதலின், கோடை விடுமுறையில் தந்தையும் மகனும் ஒருங்கே வீட்டிலிருந்தனர். வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்னும் காற்றுக்களின் குணம், நீரோட்டம் திரும்புவதற்கு முன் தோன்றும் குறி, எந்தப் பாரில் எந்த மீன் கூடும் என்பது ஆகிய இவற்றைத் தந்தையார் மாலைதோறும் சொல்லிவர, மகன் எமது செயலியில் எழுதிவந்தார். அவ்வீட்டில் இணையத் தொடர்பு அடிக்கடி அறுந்துபோகும். ஆதலின், இணையமின்றியும் இயங்குமாறு, எழுத்துக்களை உலாவியின் உட்சேமிப்பில் வைக்கும்படி அமைத்திருந்தோம். முப்பத்தெட்டாம் நாள், கைப்பேசியில் இடம் போதவில்லையென்று நண்பர் உலாவியின் சேமிப்பைத் துடைத்தார். எழுதியன யாவும் அதனோடு போயின.

பிழை அவருடையதன்று, எம்முடையதே. வெளியே படியெடுத்து வைக்கும் வழியைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வோமென்று ஒத்திவைத்து, முகப்பின் வண்ணத்தைத் தேர்வதற்கு ஒரு வாரம் செலவிட்டவர்கள் யாமே. வருந்திச் சென்று கூறியபோது, “போனால் போகட்டும் தம்பி, மறுபடியும் சொல்கிறேன்” என்றார் அப்பெரியவர். சொன்னார்; எனினும் முன்னர் வந்த சொற்களிற் பாதியும் வரவில்லை.

புதுச்சேரியிலே டூப்ளே துரைக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-ஆம் ஆண்டு தொடங்கி, 1761-இல் இறக்கும்வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். அவர் மறைந்து 85 ஆண்டு கழிந்த பின், 1846-இல் அக்குறிப்பேடுகள் கண்டெடுக்கப்பட்டுப் படியெடுக்கப்பட்டன. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாக அவற்றை ஆங்கிலத்தில் வெளியிட்டனர். அந்நாட்குறிப்பு நம் கைக்கு எட்டியது எதனால்? எழுத்தறிந்த எவரும் தனிக்கருவி எதுவுமின்றித் திறந்து படிக்கவும், பார்த்து எழுதிக்கொள்ளவும் கூடியதாக அஃது இருந்தமையால் அன்றோ?

ஒரே இடத்தில் வைத்த பொருள் ஒரே இரவிற் போய்விடும் என்பதை இராமநாதபுரக் கடற்கரையார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. 1964 டிசம்பர் 22, 23 நாட்களிடை இரவில் வீசிய புயலின் பின் தனுஷ்கோடி பழைய ஊராக மீண்டும் எழவில்லை. கணினி உலகிலும் இத்தகைய அழிவுகள் உண்டு. கோடிக்கணக்கானோர் நம்பியிருந்த பெருநிறுவனத் தளங்களே மூடப்பட்டிருக்கின்றன. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அங்ஙனமிருக்க, மாணவர் அமைக்கும் செயலியின் ஆயுள் எத்துணை? யாம் பட்டம் பெற்றுச் சென்றபின் சர்வருக்குக் கட்டணம் செலுத்துவார் யார்?

தமிழுக்கு இதில் வேறோர் இடரும் உண்டு. 1990-களில் எழுத்துருவுக்கு எழுத்துரு குறியேற்றம் வேறுபட்டிருந்தது. அன்று தட்டெழுதியவற்றை உரிய எழுத்துருவின்றி இன்று திறப்பின், பொருளற்ற குறிகளே தோன்றுகின்றன. யூனிகோடு என்னும் ஒருங்குறியிற் தமிழ் 1991 முதலே உண்டு. தமிழ்நாட்டரசும் 2010-இல் அதனை ஏற்றது. ஆதலின், நாளுக்கொரு கோப்பாக, ஒருங்குறியில், எளிய உரைக்கோப்பாகவே எழுத்துக்களை வைத்தல் வேண்டும். அதற்கு இடமும் மிகுதியாக வேண்டுவதில்லை. நாளொன்றுக்கு இருநூறு சொல் எழுதினால் ஆண்டு முழுமைக்கும் ஏறக்குறைய 2 மெகாபைட்டே ஆகும். கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படமே அவ்வளவு இடத்தைக் கொள்வதுண்டு.

நிரல்படுத்துதலிலும் தமிழ் கற்றார் தலையிட வேண்டிய இடங்கள் உள. ஒருங்குறி எண்வரிசைப்படி அடுக்கினால் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வந்து நிற்கும். நாம் அரிச்சுவடியிற் கற்ற முறை குலைந்துபோம். ‘கொண்டல்’ என்பதிலுள்ள ஒகரக் குறியையோ ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறியீடுகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தேடும் பொறிக்கு வேறு வேறு. இதனை அறியாமையால், எழுதியிருந்த சொல்லையே எமது செயலி இல்லையென்று கூறிற்று. தமிழ் முறைப்படி அடுக்கவும், இருவகைக் குறியீட்டையும் ஒன்றாக்கவும் வழிகள் ஏற்கனவே உள்ளன. வேண்டுமென்று கேட்பார் வேண்டும், அவ்வளவே.

ஆயத்தமாகப் பல செயலிகள் கிடைக்க, மாணவர் புதிதாக ஒன்றை அமைப்பது வீண்வேலையென்பார் உளர். அக்கூற்றிற் பொருள் இல்லாமலில்லை. அப்சிடியன் போன்றவை குறிப்புக்களை எளிய உரைக்கோப்பாக நம் கருவியிலேயே வைக்கின்றன. அது போதுமென்பார் அதனையே கொள்ளலாம். எனினும், தானே ஒன்றை அமைத்தவனுக்கே, தன் எழுத்து எங்கே தங்குகிறது, யார் அதனைத் திறக்கக்கூடும் என்னும் கேள்விகள் எழுகின்றன. பிறர் நாட்குறிப்பைக் காப்பவன் பிறர் மனத்தின் திறவுகோலைக் கையில் வைத்திருப்பவன். விடுதித் தோழன் எழுதியதை அமைத்தவரும் படிக்க இயலாதவாறு மறைக்குறியாக்கம் செய்தல் அவன் கடமை. அங்ஙனம் செய்தால், கடவுச்சொல்லை மறந்தவர்க்கு எவரும் உதவ இயலாது என்பதனையும் முதல் நாளே சொல்லிவிடல் வேண்டும்.

இப்பொழுது எமது செயலியின் முகப்பில் முதலாவது நிற்பது ‘யாவற்றையும் எடுத்துக்கொள்க’ என்னும் பொத்தானே. ஞாயிறுதோறும் அஃது எழுதுவோரை நினைவூட்டும்; அவர் தம் எழுத்தைத் தம் கருவியிலும் வேறோரிடத்திலும் படியெடுத்து வைப்பர். நண்பர் வரும் தடைக்காலத்தில் மீண்டும் தந்தையாரருகே அமர எண்ணியிருக்கிறார். இம்முறை அச்சிட்ட தாளிலும் ஒரு படி இருக்கும்.

ஆதலின், மாணவ நண்பர்காள், நீவிரும் இத்தகைய செயலி அமைக்கப் புகுவீராயின், எழுதும் பக்கத்தை அமைக்கும் முன்னர் எழுதியதை வெளியே கொண்டுசெல்லும் வழியை அமைத்துவிடுங்கள். வண்ணங்களைப் பின்னர்த் தேர்ந்துகொள்ளலாம்.