ஊசியின் விலையும் தட்டின் வயதும்

எங்கள் துறையிலிருந்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் தம் இசைத்தட்டுகளை எங்கள் நால்வர் பொறுப்பில் விட்டுச் சென்று ஓராண்டாகிறது. ஏறக்குறைய இருநூறு தட்டுகள். பெரும்பாலானவை 1960களில் வெளிவந்த மோனோ எல்பிகளும் இபிகளும், சில ஸ்டீரியோ, தவிர, ஒரு மரப்பெட்டி நிறைய 78 சுழற்சித் தட்டுகள். இவற்றை முறையாகக் கேட்கவும் கணினியில் பதிந்து வைக்கவும் உயர்தரமான கார்ட்ரிட்ஜ் ஒன்று வாங்குவதென்று தீர்மானித்தோம். உயர்தரம் எது என்பதில்தான் நால்வரும் நான்கு திசையில் நின்றோம்.

எங்களுள் ஒருவர் மூவிங் காயில் வகைதான் வேண்டும், அதிலும் ஷிபாட்டா முனை வேண்டும் என்றார். அதன் விலை எங்கள் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிற்று. அவர் வாதத்தைப் பணக்காரப் பேச்சென்று தள்ளிவிட முடியாது. 12 அங்குலத் தட்டின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியடியில் நொடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. உள்விளிம்பை நெருங்கும்போது அது பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது. அதே இசை குறைந்த நீளத்தில் நெருக்கி எழுதப்படுவதால், உருண்டை முனையால் அந்த நுண்ணிய வளைவுகளுக்குள் புக இயலாது. கச்சேரித் தட்டின் முடிவில் வரும் துக்கடாக்கள் கரகரப்பது இதனால்தான். ஷிபாட்டா முனை ஒடுங்கியது. பள்ளச்சுவரை மேலிருந்து கீழாக நீளத் தொடுவது. பழைய ஊசிகள் தேய்க்காத பகுதியை அது தொட்டு வாசிக்கவும் கூடும். ஆனால் ஜப்பானின் ஜேவிசி நிறுவனத்தார் 1970களின் தொடக்கத்தில் அதை உருவாக்கியது நாற்சேனல் தட்டுகளுக்காக. அதில் 45 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள அதிர்வுகளையும் ஊசி படித்தாக வேண்டும். எங்கள் தட்டுகளில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை.

எழுதப்பட்டிருப்பது வேறு. மோனோ தட்டில் இசை முழுவதும் பள்ளத்தின் பக்கவாட்டு அசைவில் இருக்கிறது. மேல்கீழ் அசைவில் கிடைப்பதெல்லாம் தூசும் கீறலும் நம் ஊர் ஈரத்தில் பூத்த பூஞ்சையுமே. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ், அது எத்துணை விலையுடையதாயினும், இவ்விரண்டையும் சேர்த்தே படிக்கும். கூர்மையான முனை அந்தக் குப்பையையும் கூர்மையாகப் படிக்கும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் பெரும்பகுதி கழிந்துவிடும், எங்களுடையதில் இல்லை. ஆகவே மோனோவுக்கென்றே செய்யப்பட்ட, உருண்டை முனையுள்ள டெனான் டிஎல்-102 போதும் என்பது எங்களில் மூவரின் கட்சி. மூவிங் காயில் வகையாயினும் அதன் மின்னழுத்தம் 3 மில்லிவோல்ட் என்பதால் சாதாரண ஃபோனோ உள்ளீடே தாங்கும். மற்றவர் கேட்ட வகைகள் அரை மில்லிவோல்ட்டுக்கும் குறைவாகத் தருபவை. அதற்கெனத் தனியாக ஒரு கருவி, அதற்கொரு விலை.

கையைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. டோன்ஆர்மின் எடையும் கார்ட்ரிட்ஜின் நெகிழ்ச்சியும் சேர்ந்து ஓர் இயல்பதிர்வை உண்டாக்கும். அது 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள் விழ வேண்டும். அதற்குக் கீழே போனால் வெயிலில் வளைந்த தட்டும், அறையில் நாம் நடக்கும் அதிர்வும் ஊசியை ஆட்டிவைக்கும். மேலே போனால் இசையின் கீழ்ச்சுரங்களிலேயே கைவைக்கும். விறைப்பான கார்ட்ரிட்ஜுக்குக் கனமான கை, நெகிழ்வானதற்கு இலேசான கை. எங்களுடையது நடுத்தரம். ஹெட்ஷெல்லைக் கனமானதாக மாற்றிச் சரிக்கட்டினோம். பொருந்தாத கையில் மாட்டிய லட்ச ரூபாய்க் கார்ட்ரிட்ஜைவிட இது நன்றாகவே பாடும் என்பது எங்கள் துணிபு.

பெருமை பேசுகிறோம் என்று எண்ணவேண்டாம். இந்தத் தெளிவு வருவதற்கு முன் எங்கள் அறியாமையால் ஒரு தட்டைக் கெடுத்தோம். இரவல் வாங்கிய கார்ட்ரிட்ஜ் ஒன்றுக்கு 2 கிராம் அழுத்தம் வைக்கவேண்டும் என்று குறிப்பேடு சொல்லிற்று. கிழத் தட்டாயிற்றே, இலேசாக ஓடட்டும் என்று கருணையோடு 1 கிராமுக்கும் கீழே வைத்தோம். ஓங்கி எழுந்த நாதஸ்வரப் பிடிகளில் ஊசி பள்ளத்தை விட்டு எம்பி, மீண்டும் மீண்டும் சுவரில் மோதியது. அழுத்தம் சற்று மிகுவதைக் காட்டிலும் குறைவதே கேடு என்பதை அந்த இபி எங்களுக்குக் கற்பித்தது. இப்போது எந்த ஊசியை வைத்தாலும் அவ்விடங்கள் கிழிசலாகவே ஒலிக்கின்றன. வேறு படி தேடி இரண்டு ஊர்க் கடைகளில் அலைந்தோம், கிடைக்கவில்லை.

இந்த நினைவோடுதான் விலையையும் பார்க்கத் தொடங்கினோம். வைர ஊசியானாலும் 500, 1000 மணி நேரத்தில் தேய்ந்துவிடும். தேய்ந்த முனை உளியாக மாறும். மூவிங் மேக்னட் வகையில் ஊசியை மட்டும் நாமே கழற்றி மாற்றலாம். மூவிங் காயிலில் பெரும்பாலும் முழுக் கார்ட்ரிட்ஜையே மாற்றவோ பழுதுபார்ப்பவருக்கு அனுப்பவோ வேண்டும். மாற்ற மனம் வராத அளவுக்கு விலையுயர்ந்த ஊசியைத் தேய்ந்த பிறகும் ஓட்டிக்கொண்டிருப்போம் என்பது எங்கள் அச்சம். சம்பளக்காரர்களின் இயல்பு எங்களுக்குத் தெரியும். மாற்று ஊசி தொடர்ந்து கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். புகழ்பெற்ற ஷ்யூர் நிறுவனமே 2018இல் கார்ட்ரிட்ஜ் தயாரிப்பை நிறுத்திவிட்டது.

டிஎல்-102 வந்து இரண்டு மாதமாகிறது. ஷிபாட்டா நண்பர் அரைமனதாகக் கேட்டு, ஸ்டீரியோ தட்டுகளுக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இறங்கிவந்திருக்கிறார். 78 சுழற்சித் தட்டுகளின் பெட்டியை இன்னும் தொடவில்லை. அவற்றின் பள்ளம் அகன்றது, எல்பி முனையைப்போல் மூன்று மடங்குக்கு மேல் பருத்த முனை வேண்டும். பேராசிரியர் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறாராம். தொலைபேசியில் அவர் முதலில் விசாரித்தது அந்த நாதஸ்வர இபியைப் பற்றி. நன்றாக இருக்கிறது ஐயா என்று சொல்லி வைத்திருக்கிறோம்.