ஜெபம் பண்ணுங்க... ஊசியையும் போட்டுக்கோங்க!

எதிர்வீட்டு அக்காவின் ஃப்ரிட்ஜில் இன்சுலின் பாட்டில் எங்கே இருந்தது தெரியுமா? தோசை மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால்! வேறெதற்கும் இல்லை, ஒளித்து வைக்கத்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் அவர் வீட்டில் ஜெபக் கூட்டம் நடக்கும. ஒருநாள் தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த ஒரு அம்மா, "இன்னுமா ஊசி போடறீங்க சிஸ்டர்? ஆண்டவர் சுகம் கொடுத்துட்டார்னு நம்ப வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்கே பாட்டில் மாவுக்குப் பின்னால் போயிற்று. இரண்டு மாதத்தில் ஊசியே நின்றுபோயிற்று.

அப்புறம் நடந்தது, சர்க்கரை உள்ள வீடுகளுக்குப் பழக்கமான கதைதான். செருப்பு கடித்த புண். ஆறவில்லை, கறுத்தது, கால் விரலை எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். அக்கா விரலுக்காக அழவில்லை. "எனக்கு விசுவாசம் பத்தலை போலிருக்கு" என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த வார்த்தைதான் என்னை இதை எழுத வைக்கிறது.

"கிறிஸ்தவங்களை மட்டும் ஏன் சொல்றே?" என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். காமாலைக்கு மந்திரித்துக்கொள்வதும், அம்மைக்கு வேப்பிலை செருகுவதும் எங்கள் வீட்டிலும் உண்டு. ஆனால் என் பாட்டி கெட்டிக்காரி. நெற்றியில் விபூதி பூசுகிற கையாலேயே மாத்திரையையும் வாயில் போட்டுவிடுவாள்! நான் படித்தது கான்வென்ட்டில். வேளாங்கண்ணி மாதாவிடம் வேண்டிக்கொண்டு போய் வந்தவள்தான் நானும். ஜெபத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. பயந்து கிடக்கும் ஒருவர் தலையில் கை வைத்து நாலு பேர் உருகி ஜெபிக்கும்போது படபடப்பு அடங்குகிறது. தூக்கம் வருகிறது. வலிகூடக் குறைவாகத் தெரிகிறது. இது சாதாரண விஷயமா?

சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. 'நல்லா இருக்கு' என்று தோன்றுவதும், நோய் போய்விடுவதும் ஒன்றல்ல. டி.பி.யில் மருந்து ஆரம்பித்த சில வாரங்களிலேயே இருமல் குறையும், பசி எடுக்கும். ஆனால் கிருமி முழுசாகச் சாகப் பெரும்பாலும் 6 மாதம் ஆகும். நடுவில் நிறுத்தினால், மிச்சமிருக்கும் கிருமி அந்த மருந்துக்கே அசையாததாக மாறிவிடலாம். ரத்தக்கொதிப்பு பல பேருக்கு ஒரு அறிகுறியும் காட்டாது. வலிப்பு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், விடாமல் வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிறு வயதிலேயே சர்க்கரை வந்து இன்சுலினை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கு ஊசியை நிறுத்தினால் ஓரிரு நாளிலேயே நினைவு தப்பும் நிலை வந்துவிடும். 'சுகமாயிட்டேன்' என்று மேடையில் சாட்சி சொல்வதற்கு முன்னால் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொண்டால் என்ன குறைந்துவிடும்?

இதை நான் சொன்னால் அவிசுவாசம். பைபிளில் இருந்தால்? லூக்கா சுவிசேஷத்தில், பத்து குஷ்டரோகிகள் இயேசுவிடம் வருகிறார்கள். அவர் என்ன சொல்லி அனுப்பினார்? ஆசாரியர்களிடம் போய்க் காண்பியுங்கள் என்றுதான்! குஷ்டம் நீங்கியதா இல்லையா என்று உடம்பைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது அன்றைக்கு ஆசாரியர் வேலை. அந்தக் காலத்து மெடிக்கல் போர்டு என்று வைத்துக்கொள்ளுங்களேன். குணமாக்குகிறவரே 'போய்க் காட்டு' என்கிறார். நாம்தான் டாக்டரைப் பார்க்க வெட்கப்படுகிறோம். அந்தச் சுவிசேஷத்தை எழுதியதாகச் சொல்லப்படும் லூக்காவே வைத்தியர்தான்.

பிரான்ஸில் லூர்து நகரம் இருக்கிறதே, அங்கேயும் இதே கதைதான். 1858-ல் மாதா காட்சி கொடுத்ததாக நம்பப்படும் இடம். 'எனக்குக் குணமாகிவிட்டது' என்று யாராவது சொன்னால் உடனே மணி அடித்துக் கொண்டாடிவிட மாட்டார்கள். இதற்கென்றே 1883-லிருந்து ஒரு மருத்துவ அலுவலகம் இயங்குகிறது. டாக்டர்கள் பழைய ரிப்போர்ட்டுகளைக் கேட்டு வாங்கி, வருடக்கணக்கில் கவனிக்கிறார்கள். இத்தனை காலத்தில் லட்சோப லட்சம் நோயாளிகள் போய் வந்தும், அற்புதம் என்று சபை அறிவித்தவை 70-ஐச் சற்றுத்தான் தாண்டியிருக்கின்றன. காட்சியைக் கண்ட பெர்னதெத்தே நோயாளிதான். ஆஸ்துமா, பிறகு காசநோய். 35 வயதில் இறந்துபோனார். அவரைப் புனிதர் என்றுதான் சபை சொல்கிறது. விசுவாசம் பத்தவில்லை என்று சொல்லவில்லை!

நம் வேலூருக்கே வாருங்கள். சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் கார் விபத்தில் சிக்கினார். இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர். ஆனாலும் பழையபடி நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். பிறகு, தன்னைப்போல் முடங்கியவர்களுக்கான மறுவாழ்வு சிகிச்சைப் பிரிவுக்கே அங்கே தலைமை ஏற்றார். இவருடைய விசுவாசத்துக்கு எத்தனை மார்க் போடப்போகிறீர்கள்?

எனக்கு மருந்தை நிறுத்தச் சொன்னதைவிட, நோயாளி மேல் பழி போட்டதுதான் தாங்க முடியவில்லை. உடம்பு முடியாதவரைப் பார்த்து 'உன் நம்பிக்கையில்தான் ஓட்டை' என்பதில் இரக்கம் எங்கே இருக்கிறது? நல்ல சமாரியன் கதையை நினைத்துப் பாருங்கள். அடிபட்டுக் கிடந்தவனிடம் அவன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் ஊற்றிக் கட்டினான். சத்திரத்தில் சேர்த்துப் பணமும் கட்டினான்.

அக்காவின் சபையிலும் அப்படிப்பட்டவர்கள் இருந்தார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். ஆஸ்பத்திரியில் ராத்திரித் துணைக்கு முறை போட்டுக்கொண்டு படுத்தவர்கள் அந்த ஜெபக் குழுப் பெண்கள்தான். டிபன் கேரியரில் ரசம் சாதம் வந்தது. பாஸ்டர் ஜெபித்துவிட்டுக் கிளம்பும்போது, "டாக்டர் சொல்ற வரைக்கும் ஊசியை விடாதீங்கம்மா" என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொல்லிவிட்டுப் போனார். அக்கா முகத்தில் அன்றைக்குத்தான் தெளிவைப் பார்த்தேன்.

உங்கள் வீட்டிலும் யாராவது மாத்திரையை ஒளித்து வைத்திருக்கலாம். திட்டாதீர்கள். "ஜெபக் கூட்டத்துக்கு நானும் வர்றேன், செக்கப்புக்கு நீங்க என்கூட வாங்க" என்று கூப்பிட்டுப் பாருங்கள்.

இப்போதும் வெள்ளிக்கிழமை ஏழு மணிக்குக் கூட்டம் நடக்கிறது. அக்கா முதலில் ஊசியைப் போட்டுக்கொண்டு, இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வந்து உட்காருகிறார். பாட்டில் இப்போது ஃப்ரிட்ஜ் கதவில், தக்காளி சாஸுக்குப் பக்கத்தில்.