பாட்டு நம்முடையது, பத்திரம் யாருடையது?

பாகூர் ஏரிப் பாசனத்தில் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த ஊர் எங்கள் காலனி. இந்த ஏப்ரல் 14 அன்று அம்பேத்கர் சிலைக்கு மாலை போட்டு முடிந்ததும், சவுண்டு சர்வீஸ்காரரிடம் மைக்கை வாங்கி எங்கள் பையன்கள் நான்கு பேர் ராப் பாடினார்கள். சுடுகாட்டுப் பாதையைப் பற்றிய பாட்டு. நடுவில் வரும் பல்லவி, அவர்களில் ஒருவனுடைய ஆயா நடவு வயலில் பாடியது. அதைக் கேட்டு வயதானவர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

அந்த வீடியோவை அன்றிரவே பையன்கள் தங்கள் பக்கத்தில் ஏற்றினார்கள். மறுநாள் காலை காப்பிரைட் நோட்டீஸ் வந்துவிட்டது. போன வருடம் இதே பாட்டை ஒரு ஸ்டுடியோவில் பதிவு செய்திருந்தார்கள். "காசெல்லாம் வேணாம் தம்பி, நம்ம சேனல்லயே போட்டுக்கலாம்" என்று ஸ்டுடியோக்காரர் சொன்னதும், இவர்களும் சந்தோஷமாகத் தலையாட்டிவிட்டார்கள். எழுத்தில் எதுவும் இல்லை. "நாங்க எழுதின பாட்டுக்கு நாங்களே திருடனாண்ணா?" என்று ஒருவன் என்னிடம் கேட்டான். அன்றைக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தேடிப் படித்த பிறகு இதை எழுதுகிறேன்.

ஒரு பாட்டுக்குள் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரியும் மெட்டும் ஒன்று. பதிவு செய்த ஒலி இன்னொன்று; அதைத்தான் மாஸ்டர் என்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி வரி எழுதியவருக்கும் மெட்டு மெட்டமைத்தவருக்கும் சொந்தம். ஆனால் ஒலிப்பதிவின் முதல் உரிமையாளர் அதன் தயாரிப்பாளர். பணம் போட்டவரோ, ஏற்பாடு செய்தவரோ அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளலாம். உரிமையை இன்னொருவருக்கு மாற்ற வேண்டுமென்றால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எங்கள் பையன்கள் எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வரிகள் இன்னும் அவர்களுடையவைதான். ஆனால் கம்ப்யூட்டருக்குக் காகிதம் வைத்திருப்பவர் யார், முதலில் ஏற்றியவர் யார் என்பது மட்டும்தான் தெரியும்.

இந்தக் கதை எங்கள் மண்ணுக்குப் புதிதல்ல. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் மூன்று ஊர்களை இங்கிருந்த வேதக் கல்விக்கூடத்துக்குக் கொடுத்தான். அதைச் சொல்லும் பாகூர்ச் செப்பேடுகளை வரலாற்று மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள். கொடுத்தவன் பெயர் தெரிகிறது, வாங்கிய இடம் தெரிகிறது. அந்த மூன்று ஊர்களிலும் சேற்றில் நின்றவர்கள் யாரென்று நமக்குத் தெரியாது. வேலை செய்தவன் ஒருவன், பத்திரத்தில் இருப்பவன் இன்னொருவன் என்பதுதான் சாதியின் பழைய கணக்கு.

இந்தக் கணக்கை மாற்றிப் போட முயன்றவர்கள் அமெரிக்காவின் தெற்கில் இருக்கிறார்கள். ஹிப்ஹாப் என்றால் நியூயார்க், லாஸ் ஏஞ்சல்ஸ் என்றிருந்த காலத்தில் தெற்கத்தி ராப்பர்களைப் பட்டிக்காட்டான்களாகத்தான் பார்த்தார்கள். 1980களில் ஹூஸ்டனின் ஃபிஃப்த் வார்டு என்ற ஏழைக் கறுப்பினப் பகுதியில் ஜேம்ஸ் பிரின்ஸ் 'ராப்-எ-லாட்' லேபிளைத் தொடங்கினார். நியூ ஆர்லியன்ஸின் அரசுக் குடியிருப்பில் வளர்ந்த மாஸ்டர் பி, தாத்தாவின் சாவுக்குக் கிடைத்த இழப்பீட்டுப் பணத்தில் முதலில் ஒரு கேசட் கடை வைத்தார். அதிலிருந்து முளைத்ததுதான் 'நோ லிமிட்'. கார் டிக்கியில் வைத்துக் கேசட் விற்றவர்கள் இவர்கள். 1996இல் பெரிய விநியோக நிறுவனம் ஒன்று தேடி வந்தபோது மாஸ்டர் பி போட்ட ஒப்பந்தம் இன்றுவரை பேசப்படுகிறது: வருமானத்தில் 85 சதவீதம் தனக்கு, மாஸ்டர் உரிமையும் தனக்கே. விற்றுத் தருவதற்கு மட்டும்தான் வெளியாள். அவர்களுடைய துணிச்சலைவிட அந்த ஒரு தாளைத்தான் நான் கவனிக்கச் சொல்கிறேன்.

இனி நம் பக்கம். 2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. அயோத்திதாசர் பயன்படுத்திய 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர் பிறந்தது. கானா, பறை, ராப், ராக் எல்லாம் ஒரே மேடையில் நின்றன. அங்கிருந்துதான் அரக்கோணத்து அறிவு பலருக்கும் தெரியவந்தார். 2019இல் ஆஃப்ரோவுடன் சேர்ந்து 'தெருக்குரல்' ஆல்பம் போட்டார். எங்கள் பையன்கள் பேனா எடுத்ததும் அதைக் கேட்டுத்தான்.

2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. ஏ.ஆர்.ரஹ்மான் ஆதரவோடு, சுயாதீனக் கலைஞர்களுக்கென்று தொடங்கப்பட்ட 'மாஜா' என்ற லேபிளின் முதல் வெளியீடு அது. அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துவிட்டுக் கையில் நிலமில்லாமல் திரும்பிவந்தவர். அந்த வாழ்க்கைதான் பாட்டின் வேர். யூடியூபில் மட்டும் 40 கோடிக்கு மேல் பார்வைகள்.

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. எதிர்ப்பு வந்த பிறகுதான் அவருக்கென்று ஒரு டிஜிட்டல் அட்டை வந்தது. 2022 ஜூலையில் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமலே பாட்டு ஒலித்தது. மெட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்பதை அறிவும் தீயும் சந்தோஷ் நாராயணனும் வெவ்வேறு விதமாகச் சொன்னார்கள். அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நாம் அனைவரும் அன்று பெயரைப் பற்றிப் பேசினோம், படத்தைப் பற்றிப் பேசினோம். அது தேவையான சண்டைதான். ஆனால் பத்திரத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

வருமானமும் உரிமையும் மூவருக்கும் சமம் என்று 2022இல் சந்தோஷ் நாராயணன் சொன்னார். 2024 மார்ச்சில் அவரே இன்னொரு வீடியோ போட்டார்: இந்தப் பாட்டிலிருந்து மூவருக்கும் ஒரு ரூபாய்கூட வரவில்லை என்றார், இதில் ரஹ்மானும் பாதிக்கப்பட்டவர்தான் என்றார். நிறுவனம் தன் பக்கத்தை வேறு மாதிரிச் சொன்னது. யார் சொல்வது சரியாக இருந்தாலும் ஒன்று மட்டும் நிச்சயம். நிலமற்றவர்களைப் பற்றிய பாட்டு ஊரெல்லாம் விளைந்தது, களத்துமேட்டில் நெல் அளந்தது வேறொரு கை.

'கலைஞன் காசைப் பற்றிப் பேசலாமா?' என்று சிலர் கேட்பார்கள். 2017இல் இளையராஜா தன் பாடல்களை மேடையில் பாட அனுமதி வேண்டும் என்று நோட்டீஸ் அனுப்பியபோது இணையம் அவரை எப்படி எல்லாம் கேலி செய்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கம்பெனி கேட்டால் அது உரிமை, சேரியிலிருந்து வந்தவர் கேட்டால் பேராசை. அவர் கேட்ட விதத்தில் உங்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம். அந்தக் கேலியில் இருந்த வாடை எதுவென்று நமக்குத் தெரியும். பறையடித்தவருக்கு ஒரு படி நெல்லும் ஒரு குவார்ட்டரும் போதும் என்று நினைத்த அதே மனம்தான் அது.

அப்படியென்றால் நம்மாள் ஒருவர் லேபிள் தொடங்கினால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை, தோழர். அமெரிக்கத் தெற்கின் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய 'கேஷ் மணி'யும் கறுப்பினச் சகோதரர்கள் இருவரின் கம்பெனிதான். அதன் பெரிய நட்சத்திரமான லில் வெய்ன், தனக்குச் சேரவேண்டியதைக் கேட்டு 2015இல் அதன்மீதே வழக்குப் போட்டார். 2018இல்தான் சமரசம் ஆனது. 1938இல் மன்மாடில் தலித் ரயில்வே தொழிலாளர்களிடம் பேசிய அம்பேத்கர், பார்ப்பனியத்தோடு முதலாளித்துவத்தையும் எதிரி என்றார். நம் வீட்டுப் பிள்ளையே முதலாளியானாலும் அந்தப் பேச்சு பொருந்தும். பாடியவர், எழுதியவர், அடித்தவர் எல்லோருக்கும் மாஸ்டரில் பங்கு இருக்கிற கூட்டு லேபிள்தான் நமக்கு வேண்டும்.

இதற்குக் கோடிகள் தேவையில்லை. ஒரு நல்ல மைக்கும், கம்பளி தொங்கவிட்ட ஒரு அறையும் போதும். விநியோகச் செயலிகள் மூலம் நாமே ஸ்பாட்டிஃபைக்கும் யூடியூபுக்கும் பாட்டை அனுப்பலாம். எழுதியவர்களும் மெட்டமைத்தவர்களும் ஐ.பி.ஆர்.எஸ். சங்கத்தில் உறுப்பினராகலாம். 2012 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, பாட்டை விற்றாலும் ராயல்டியில் அவர்களுக்குச் சேரவேண்டிய சம பங்கை யாரும் எழுதி வாங்கிவிட முடியாது. எத்தனை வருடத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் சட்டம் அதை ஐந்து வருடமாகவே எடுத்துக்கொள்ளும். இவ்வளவும் நம் பக்கம் இருக்கிறது. பாசறைகளில் வரலாறு சொல்லித்தருகிறோம். அதே பாய்மேல் உட்கார்ந்து ஒரு மணி நேரம் இதையும் சொல்லித்தர வேண்டும்.

எங்கள் பையன்கள் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்வதென்று முடிவானது. போன ஞாயிற்றுக்கிழமை வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து ஒரு பக்க ஒப்பந்தம் டைப் செய்தோம். நான்கு பெயர், நான்கு சம பங்கு. அப்போது ஒருவன் கேட்டான்: "பல்லவி ஆயாவோடதாச்சே, அவங்க பேரு?"

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. "எல்லாரும் பாடுற நடவுப் பாட்டுதானே" என்றான் ஒருவன். "அப்படித்தான்டா அவங்களும் சொல்வாங்க" என்றான் மற்றவன். அரை மணி நேரம் வாக்குவாதம் நடந்தது. கடைசியில் தாளைத் திருத்தினோம்: ஐந்து பெயர், ஐந்து பங்கு.

ஆயா எழுதப் படிக்கத் தெரியாதவர். பேரன் ஒவ்வொரு வரியாகப் படித்துக்காட்டினான். "இதுக்கெல்லாமா பத்திரம்?" என்று சிரித்தபடியே மையைத் தொட்டுக் கைநாட்டு வைத்தார். அந்தக் குடும்பத்தில் யார் பெயரிலும் இதுவரை எந்தச் சொத்தும் பதிவானதில்லை.